மேய்க்கப் போனவள்

அந்தத் தெருவில் எல்லாரும் மேய்க்கிறவர்கள்தான். பள்ளிக்கூடத்து டீச்சர் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, அறுபது உருப்படியை மேய்ச்சுட்டு வர்றேன், தொண்டை போச்சு என்பார். மூன்று பிள்ளை பெற்றவள் ஒருத்தி, இதுகளை மேய்க்கிறதுக்கு நாலு கழுதையை மேய்க்கலாம் என்று வாசலில் நின்று அலுத்துக்கொள்வாள். குடித்துவிட்டு எங்கேயோ கிடக்கும் புருஷனைத் தேடிக் கிளம்புகிறவள்கூட, என்னோடதை ஓட்டிக் கொண்டாந்து கட்டிட்டு வந்துடறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். ஆனால் நாலு கால் உள்ளதை நிஜமாகவே மேய்த்தவர் அந்தத் தெருவில் ஒருவர்தான். கடைசி வீட்டு நெட்டையர்.

ஆறடிக்கு மேலே இருப்பார். நிலைப்படியில் குனியாமல் ஒரு வீட்டுக்குள்ளும் போக முடியாது. செம்மறிகளுக்குப் பின்னால் அவர் நடந்து வருவதைத் தூரத்திலிருந்து பார்த்தால், தந்திக்கம்பம் ஒன்று பொழுது போகாமல் கிளம்பி வருகிற மாதிரி இருக்கும். காலையில் பட்டியைத் திறந்து ஓட்டிக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் திரும்புவார். வீட்டில் பேச்சு குறைவு. ஆட்டைப் பற்றிக் கேட்டால் நாலு வார்த்தை, மற்றதுக்கு ஒரு வார்த்தை. முப்பது வருஷமாக அவர் மனைவிக்கு அந்த ஒரு வார்த்தையே பழகிப்போயிருந்தது. பட்டியைக் கூட்டுவது, தாய் செத்த குட்டிக்குப் பால்புட்டி வைப்பது, கழிச்சல் கண்ட ஆட்டுக்குக் கஷாயம் ஊற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. ஆனால் ஒரு நாள்கூடக் கம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனவள் இல்லை.

ஒரு நாள் காலையில் பட்டிப் படலை அவிழ்க்கக் குனிந்த மனுஷன் அப்படியே சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மகன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் ஆறு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். அவன் வந்து பார்த்துவிட்டு, ஆட்டையெல்லாம் தள்ளிவிட்டுடலாம் அம்மா, யார் இதைக் கட்டி மேய்க்கிறது என்றான். அதுவும் சரிதான் என்று அவளுக்கும் பட்டது. வியாபாரி வந்தான். பட்டிக்குள் இறங்கி ஒவ்வொன்றாக முதுகைத் தடவி, முள்ளெலும்பை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி. அவள் உள்ளே ஓடிப் பார்த்தால், நெட்டையர் சன்னல் கம்பியை இடதுகையால் பிடித்துக்கொண்டு பட்டியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

வியாபாரியை அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். மறுநாள் காலையில் சுவரோரம் சாத்தியிருந்த கம்பை எடுத்தாள். அவள் உயரத்துக்கு அது ஒரு முழம் அதிகம். அதைத் தறித்துச் சின்னதாக்கவும் மனசு வரவில்லை. தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்போடு அவள் நடப்பதைப் பார்த்துத் தெருவில் யாரோ கம்புக்காரி என்றார்கள். அதுவே பெயராகிவிட்டது.

முதல் மாதம் ஆடுகள் அவளை மதிக்கவே இல்லை. அவள் ஒரு பக்கம் ஓட்டினால் அவை ஒரு பக்கம் போயின. ஒரு அவரைத் தோட்டத்தில் புகுந்து பாதியைக் காலி பண்ணிவிட, தோட்டக்காரன் அவள் பரம்பரையையே இழுத்துப் பேசினான். பின்னால் நடக்கக் கூடாது, பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி நடக்க வேண்டும் என்று அவள் காலுக்குத் தெரிய நாலைந்து வாரம் ஆனது. உச்சி வெயிலில் ஆடுகள் ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று தலையைச் செருகிக்கொண்டு கொத்தாக நின்றுவிடும். இரண்டு மணி நேரம் அசையாது. அந்த நேரம் அவளுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. தூக்குவாளியைத் திறந்து சோற்றைத் தின்பாள். பிறகு உட்கார்ந்திருப்பாள். கண்ணுக்கு எட்டின தூரம் அறுப்பு முடிந்த வெறும் நிலம், அதுக்கு மேலே வானம். கண்ணை மூடினால் ஒன்றிரண்டு நழுவிவிடும் என்பதால் தூங்கவும் முடியாது.

வீட்டோடு இருந்தவரைக்கும் அவளுக்குப் பேச்சுத்துணை என்பது தேடிப் போக வேண்டிய ஒன்றாக இருந்ததில்லை. குழாயடியில் நின்றால் போதும், உலகம் தானாகக் காதுக்கு வந்துவிடும். இப்போது காலையில் மருமகளிடம், மாமாவுக்கு மாத்திரை குடுத்துடு என்று சொன்னது ஒன்றுதான் அன்றைக்குப் பேசின பேச்சு என்று சில நாள் சாயங்காலம்தான் நினைப்பு வரும். பேசாமலே இருந்த தொண்டை வீட்டுக்கு வந்து வாயைத் திறந்ததும் கரகரக்கும். குழாயடிக்குப் போனாலும் முன்னே மாதிரி இல்லை. அவள் வந்து நின்றால் பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். ஆட்டு வாடைக்காகவா, வேறு எதற்காகவா என்று அவளுக்குப் புரியவில்லை. வாடைதான் என்று வைத்துக்கொண்டாள்.

நெட்டையருக்குக் கட்டிலைச் சன்னல் பக்கமாகப் போட்டிருந்தார்கள். பக்கத்து அறையில் மருமகள் தையல் மிஷினில் இருப்பாள். தெருப் பெண்களின் ரவிக்கை எல்லாம் அவளிடம்தான் வரும். கால் கழுவி உள்ளே வந்ததும் நெட்டையர் ஆரம்பிப்பார். குழறிக் குழறித்தான் வரும். எங்க போனே? அங்க யார் இருந்தா? யார்கூடப் பேசினே? ஆட்டின் மேல் உள்ள அக்கறை என்றுதான் அவள் முதலில் எடுத்துக்கொண்டாள். ஏரிப்பக்கம் போனேன், யாரும் இல்ல, யார்கூடயும் பேசல என்று வரிசையாகப் பதில் சொல்லுவாள். அது உண்மையும்கூட.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேலே போனது. ஒரு தடவை ஜெபவீட்டுப் பிரசங்கியார் ஒருவர், படுத்திருக்கிறவர்களைப் பார்த்து ஆறுதல் சொல்லும் வழக்கத்தில் அவர்கள் வீட்டுக்கும் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். அவள் அப்போதுதான் ஆட்டை அடைத்துவிட்டு வந்திருந்தாள். அவர், நானும் ஒரு மேய்ப்பன்தாம்மா என்றார். அவளுக்குச் சந்தோஷமாகிவிட்டது. தொழில்காரர் ஒருவரிடம் பேசி எத்தனை நாள் ஆயிற்று.

"அப்படியா? எத்தனை உருப்படி இருக்கு?"

"ஒரு நூத்தம்பது இருக்கும்."

"அம்மாடி. குளம்புப் புண்ணு வந்தா என்ன போடுறீங்க?"

பிரசங்கியார் திகைத்துப் போய்ப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கட்டிலில் நெட்டையரும் சிரித்தார். விழுந்ததுக்கு அப்புறம் அவர் சிரித்தது அன்றைக்குத்தான். சபைக்கு வருகிற ஆட்களைத்தான் சொன்னார் என்று புரிந்ததும் அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் நெட்டையர் சிரித்த முகத்தை நினைத்து இரண்டு நாள் அவள் தெம்பாக நடந்தாள்.

அடுத்த மாதம் ஒரு நாள் சினையாடு ஒன்று ஏரிக்கரையில் ஈன்றுவிட்டது. தலைச்சன் ஈற்று. குட்டி பாதி வந்து நின்றுகொண்டது. அவள் மண்டியிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஆடு முக்கும்போதெல்லாம் பையப் பைய இழுத்து எடுத்தாள். தாயாடு எழுந்து நிற்கவே ஒரு மணி நேரம் ஆனது. நனைந்த குட்டியை முந்தானையில் போட்டுக்கொண்டு, தாயை நடத்தி, மற்றதைச் சேர்த்துக்கொண்டு அவள் வந்து சேரும்போது தெருவில் விளக்குப் போட்டிருந்தார்கள். வீட்டில் அளவு கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். மருமகள் மிஷினில் இருந்தாள். ரத்தமும் சளியுமாக, தலை கலைந்து, முந்தானை ஈரமாக அவள் வாசலில் வந்து நின்றதை நெட்டையர் மேலும் கீழும் பார்த்தார்.

"ஊர் மேஞ்சிட்டு வர்றா" என்றார்.

மிஷின் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி சேலையைச் சரிசெய்துகொண்டு, அப்புறம் வர்றேன் என்று எழுந்து போய்விட்டாள்.

மேய்க்கிறது பிழைப்பு. ஆனால் ஒரு பொம்பளையைப் பார்த்து மேயுறவள் என்று சொன்னால், அதுக்கு மேலே சொல்ல ஒன்றும் கிடையாது. எழுத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறவளுக்குத்தான் வித்தியாசம் தெரியும். கம்புக்காரி பட்டிக்குத் திரும்பினாள். குட்டியைச் சாக்கில் போட்டுத் துடைத்தாள். தாயின் மடியில் அதன் வாயைப் பிடித்து வைத்தாள். அது சப்பத் தொடங்கியதும் அங்கேயே பட்டிக்குள் உட்கார்ந்துகொண்டாள். மருமகள் வந்து, சாப்பிட வாங்க அத்தை என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் அவள் அவருக்குச் செய்ய வேண்டியதில் ஒரு குறையும் வைக்கவில்லை. துடைத்துவிட்டாள், துணி மாற்றினாள், சோறு ஊட்டினாள். பேச்சு மட்டும் இல்லை. மருமகள் சமாதானம் பேசினாள்.

"சுகமில்லாத மனுஷன். வாய் குழறி ஏதோ வந்திருக்கும் அத்தை."

"தண்ணி கேட்டா குழறுது, மாத்திரை கேட்டா குழறுது. இது மட்டும் குழறாம வந்துச்சேம்மா" என்றாள் கம்புக்காரி.

வெயில் ஏறியது. ஏரி வறண்டு தரை வெடித்தது. கரையோரத்துப் புல்லும் கருகிப்போனது. ஆடுகள் மண்ணை மோந்து பார்த்துவிட்டு அவளைப் பார்த்தன. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் தூரத்தில் பச்சை தெரிந்தது. அந்தப் பக்கம் போகாதே, தண்ணி கிடையாது, ரயிலில் அடிபடும் என்று நெட்டையர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். வேறு நாளாக இருந்தால் கேட்டுக்கொண்டிருப்பாள். இப்போது அவரிடம் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. ஒரு நாள் காலை, கூட்ஸ் வண்டி போய் முடிந்ததும் ரயில்வே கேட்டைத் தாண்டி ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டினாள்.

தாண்டினதும் ஒரு விநோதம் நடந்தது. இளம் ஆடுகள் மிரண்டு நிற்க, வயசான பெட்டைகள் ஏழெட்டும் முன்னால் வந்தன. அவள் கம்பை நீட்டவில்லை, சத்தம் கொடுக்கவில்லை. அவை பாட்டுக்கு மண்பாதையில் இறங்கி, ஒரு முள்வேலியை ஒட்டிப் போய், ஒரு திருப்பத்தில் திரும்பி, திறந்திருந்த ஒரு கேட்டுக்குள் நுழைந்தன. அவள் பின்னாலேயே ஓடினாள். அன்றைக்கு ஆடுகள்தான் அவளை ஓட்டிக்கொண்டு போயின.

அது ஒரு நர்சரித் தோட்டம். பச்சை வலைக்குக் கீழே பாலிதீன் பைகளில் ஆயிரக்கணக்கான கன்றுகள். ஓரத்தில் பம்புசெட், அதுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீர். பெட்டைகள் நேராகத் தொட்டிக்குப் போய் வரிசையாக நின்று குடித்தன. பிறத்தியார் தோட்டமாயிற்றே, இப்போது யார் வந்து என்ன ஏசப்போகிறார்களோ என்று அவள் கம்பை ஓங்கிக்கொண்டு துரத்தப் போனாள்.

அப்போது வலைக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். ஐம்பது வயதுக்குள் இருக்கும். சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, கையெல்லாம் ஈரமண். ஏசுவதற்கு ஓடி வந்த மாதிரி இல்லை. ஆடுகளைப் பார்த்தாள். ஒரு பெட்டையின் இடது காதைப் பிடித்து, நுனியில் இருந்த வெட்டு அடையாளத்தை விரலால் தொட்டாள். பிறகு நிமிர்ந்து பாதையைப் பார்த்தாள். கம்புக்காரியைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே, உயரமாக யாரோ வரப்போகிற இடத்தைப் பார்த்தாள்.

"மேய்ப்பர் வரலையா?"

அந்தச் சொல்லை அப்படி ஒரு மரியாதையோடு யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. ஊருக்கு அவர் நெட்டையர். வேண்டாதவனுக்கு நெட்டையன். அவளுக்கு என்னங்க.

"எந்த மேய்ப்பர்?"

"இந்த ஆட்டுக்காரர். காதுவெட்டு அவரோடதுதானே. நீங்க வாங்கிட்டீங்களா?"

"வாங்கல. அவருக்கு ஒரு பக்கம் விழுந்து ரெண்டு வருஷம் ஆச்சு. படுத்த படுக்கை. நான் அவர் வீட்டுக்காரி."

அந்தப் பெண் கேட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.  பிறகு அவள் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"இருக்காரா இல்லையான்னே தெரியாம இருந்தேன். யார்கிட்டப் போய்க் கேக்குறது? என்ன சொல்லிக் கேக்குறது?" என்றவள், சொம்பை நீட்டிக்கொண்டே, "குடிங்க அக்கா" என்றாள்.

அக்கா என்ற அந்த வார்த்தை நெஞ்சில் போய் விழுந்தது. வழியில் போகிற யாரும் யாரையும் அக்கா என்று கூப்பிடலாம். ஆனால் இவள் கூப்பிட்ட முறை என்ன முறை என்று கம்புக்காரிக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. சொல்லிவிட்ட பிறகு அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டாள். கம்புக்காரி தண்ணீரை வாங்கிக் குடித்தாள். தாகம் அப்படி. குடிக்கும்போது பம்புசெட் சுவர் கண்ணில் பட்டது. அதில் ஓர் ஆணி அடித்திருந்தது. அந்தப் பெண் எக்கி நின்றால்கூட எட்டாத உயரம். ஆறடி ஆள் துண்டை மாட்டிவிட்டு உட்காருவதற்குத் தோதான உயரம்.

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. எத்தனை வருஷம், எப்படி, என்ன என்று எதுவும் கேட்கவில்லை. சொம்பைக் கழுவிக் கொடுத்துவிட்டு ஆட்டை வெளியே ஓட்டினாள். பெட்டைகள் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தன. அவற்றுக்கு அது பகல் பொழுதைப் போக்கும் இடம்.

மூன்று நாள் அவள் அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். முதல் நாள் வந்தது. தான் கள்ளன் பிறரை நம்பான் என்பது சரியாய்ப் போச்சே, மேய்ச்சலுக்குப் போன இடத்தில் என்ன நடக்கும் என்று தெரிஞ்சவனுக்குத்தானே என் மேலே சந்தேகம் வரும் என்று ஏரிக்கரையில் நின்று சத்தமாகவே சொன்னாள். கேட்க ஆளில்லை. இரண்டாம் நாள் கோபம் இறங்கிவிட்டது. மிஞ்சினது வேறொன்று. பேச்சு வராத மனுஷன் என்று முப்பது வருஷம் நினைத்திருந்தோமே, பேச்செல்லாம் அங்கே கொட்டித் தீர்த்துவிட்டு வெறும் வாயோடு வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று நினைக்க நினைக்க, நெஞ்சுக்குள் வறண்ட ஏரி மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் சோறு ஊட்டும்போது, வாரக்கணக்கில் பேசாதவள் வாயைத் திறந்தாள்.

"தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போனேன். உங்களை ஒருத்தங்க விசாரிச்சாங்க."

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"மேய்ப்பர் எப்படி இருக்கார்னு கேட்டாங்க."

அவருடைய இடதுகை போர்வையைப் பிடித்துச் சுருட்டியது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வாயில் இருந்த சோறு கன்னத்தோரம் வழிந்தது. அவள் துடைத்துவிட்டு எழுந்தாள்.

அன்றிலிருந்து அவர் எதுவும் கேட்கவில்லை. எங்க போனே, யார் இருந்தா, ஒன்றும் இல்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை. இரண்டு வாய் வாங்கிக்கொண்டு வாயை இறுக்கிக்கொள்வார். அந்தக் கேள்விகள் நின்றால் போதும் என்று ஒரு காலத்தில் அவள் நினைத்தது உண்டு. நின்ற பிறகு வீட்டுக்குள் நுழைவது யாரும் இல்லாத வீட்டில் நுழைகிற மாதிரி இருந்தது. பத்து நாளில் மனுஷன் கன்னம் ஒட்டிப்போனார். மருமகள் டாக்டரைக் கூட்டி வரலாமா என்றாள். கம்புக்காரி கட்டில் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவங்களைக் கூட்டிட்டு வரவா?"

"வேணாம்" என்றார். அது தெளிவாகத்தான் வந்தது.

அவள் எழுந்து போய் அடுப்பு வேலை எல்லாம் முடித்துவிட்டு வந்து விளக்கைக் குறைக்கும்போது, அவர் இன்னும் விழித்திருந்தார். குழறிக் குழறி, ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சொன்னார்.

"பாக்க... நான்... நல்லா இல்ல."

அவள் விளக்கைக் குறைத்தாள். தன் முன்னால் அவர் ஒரு நாளும் அழகாக இருக்க ஆசைப்பட்டது இல்லை. அந்த ஆசை இருக்கிற இடம் வேறு என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருக்க அவளுக்கு வரவில்லை.

மறுநாள் ஆட்டைத் தொட்டியில் தண்ணீர் குடிக்கவிட்டு நர்சரிக்காரியிடம் பேசினாள். வேலிக்கு வெளியேயே நின்றுகொண்டாள்.

"ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போங்க. மருமக வீட்ல இருப்பா. நான் இருக்க மாட்டேன்."

"உங்களுக்கு..." என்று ஆரம்பித்தாள் அந்தப் பெண்.

"எனக்கு ஆடு இருக்கு" என்றாள் கம்புக்காரி.

விஷயம் தெரிந்ததும் மருமகள் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். ஊர்ல உலகத்துல நடக்காத கூத்தா இருக்கே அத்தை, உங்களுக்கு என்ன பைத்தியமா என்றாள். கம்புக்காரிக்கும் தான் செய்வது எதற்கென்று திட்டமாகத் தெரியவில்லை. நல்லவள் என்று பேர் வாங்குவதற்காக இல்லை என்பது மட்டும் தெரியும்.

"நாளைக்கு இந்த மனுஷன் கண்ணை மூடினா, வாசல்ல ஒருத்தி வந்து நின்னு அழுவா. இது யாருன்னு எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க. அதுக்கு இப்பவே வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவைத்தாள்.

அந்த நாள் காலையில் அவளே அவருக்குச் சவரம் பண்ணினாள். வாய் கோணின பக்கம் கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்து மெதுவாக வழித்தாள். வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள், தலை சீவினாள். அவர் சின்னப் பிள்ளை மாதிரி அசையாமல் இருந்தார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. தலையணையைச் சாய்த்து வைத்து உட்காரவைத்ததும் அவள் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எதிரே வருகிறவளைப் பார்க்க வேண்டாம் என்று பாதையை மாற்றி, ஏரியின் மறுகரைக்கு ஓட்டினாள்.

அன்றைய பகல் போல ஒரு பகல் அவள் வாழ்நாளில் வந்ததில்லை. வெயில் நகரவே இல்லை. பத்தரை மணி பஸ்ஸில் வந்திருப்பாள், இப்போது வாசலில் செருப்பைக் கழற்றுவாள், இப்போது முக்காலியில் உட்கார்ந்திருப்பாள் என்று மனசு ஒவ்வொன்றாக எண்ணியது. ஆடுகள் சரியாக மேயவில்லை. அவள் மனசு எங்கே இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியும் போல, திரும்பித் திரும்பிப் பார்த்தன. தூக்குவாளியைத் திறந்தவள் மூடி வைத்துவிட்டாள். உச்சிப்பொழுதில் ஆடுகள் கொத்தாக நின்றுகொண்டதும் அவளும் எழுந்துபோய் அவற்றின் நடுவில் உட்கார்ந்தாள். அவற்றின் மூச்சுச் சூடு நாலு பக்கமும் பட்டது. சீக்கிரம் போய்விடலாம் என்று ஒரு சமயம் எழுந்தாள். சொன்ன சொல் சொன்னதுதான் என்று மறுபடி உட்கார்ந்தாள். வேண்டுமென்றே நேரம் கடத்தவும் தோன்றியது. அதையும் செய்யவில்லை. எப்போதும் திரும்புகிற நேரத்துக்கு, ஒரு நிமிஷம் முன்பின் இல்லாமல் திரும்பினாள்.

வந்தவள் போய்விட்டிருந்தாள். மருமகள் பட்டிக்கே வந்து, படலைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ஒரு மணி பஸ்ஸுக்கே போய்ட்டாங்க அத்தை. பெருசா ஒண்ணும் பேசிக்கல. வந்ததும் மேய்ப்பரேன்னு ஒரு தடவை கூப்பிட்டாங்க. மாமா அழுதாரு. அவங்க அழல. என்கிட்ட நகவெட்டி கேட்டு வாங்கி, மாமாவோட விழுந்த கையை மடியில வெச்சுக்கிட்டு நகம் வெட்டிவிட்டாங்க. அப்புறம் கிளம்பிட்டாங்க. இனிமே வர மாட்டேன், உங்க அத்தைகிட்ட சொல்லிடுங்கன்னு சொன்னாங்க.

நகம். இரண்டு வருஷமாகக் குளிப்பாட்டித் துடைத்தவளுக்கு, அசையாத அந்தக் கையிலும் நகம் வளர்ந்துகொண்டிருக்கும் என்று தோன்றவே இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. அவர் அழுததுகூட அப்படிக் குத்தவில்லை.

கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். முக்காலி கட்டிலுக்கு ரொம்பப் பக்கத்தில் கிடந்தது. அவள் அதைத் தள்ளிப் போட்டுக்கொள்ளவில்லை.

"என்ன சொன்னாங்க?"

அவர் யோசித்தார். "மழை... வந்தா... கன்னு விக்கும்னு... சொன்னா."

அவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. அப்படியானால் அங்கேயும் அவர் மழையைப் பற்றியும் செடியைப் பற்றியும்தான் பேசியிருக்கிறார். பேச்செல்லாம் கொட்டிக் கிடந்த இடம் என்று தான் நினைத்து நினைத்துக் காய்ந்துபோனது எதற்காக என்று ஒரு நிமிஷம் புரியவில்லை.

"சரி. இப்ப எனக்கு ஒண்ணு வேணும். அன்னைக்கு நாலு பேர் முன்னாடி என்னை ஒரு வார்த்தை சொன்னீங்க. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட முடியாது. மருமக இருக்கா. அவ காது கேக்கத் திருப்பி எடுத்துக்குங்க."

மருமகள் நிலைப்படியில் வந்து நின்றாள். நெட்டையர் மூச்சை இழுத்துக்கொண்டார். உதட்டை ஈரம் பண்ணிக்கொண்டார். கோணின வாயை நேராக்குகிற மாதிரி இடதுகையால் தாடையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"நீ... மேய... மேயப் போனவ..."

தலையை ஆட்டினார். தப்பாய் வந்துவிட்டது என்று கண்ணைக் காட்டினார். மறுபடியும் முயன்றார். மேய்க்க என்பதன் நடுவில் அழுத்திச் சொல்ல வேண்டிய எழுத்துக்கு நாக்கு எழும்பவில்லை. "மேய... மேயப்..." மூன்றாவது தடவையும் அதேதான். நெற்றியில் வியர்த்துவிட்டது. எடுத்துக்கொள்ளச் சொன்ன வார்த்தையையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார் பாவம். மருமகளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கம்புக்காரி அவளை முறைத்துப் பார்த்தாள். முறைத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கும் வந்துவிட்டது. அவள் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு, நெட்டையரும் பாதி வாயால் சிரித்தார். கண்ணில் தண்ணீரும் வந்தது.

"போதும் விடுங்க" என்றாள் அவள். "நீங்க சொல்லச் சொல்ல எனக்குத்தான் கெட்ட பேரு."

மருமகள் அடுப்பைப் பார்க்கப் போனாள். வெளியே குட்டிகள் தாயைத் தேடிக் கத்தி, கிடைத்ததும் ஒவ்வொன்றாக அடங்கின. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அவள் எழுந்து விளக்கைப் போடலாம் என்று நினைத்தாள், எழவில்லை. அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கிறவளுக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"பகல்... ரொம்ப... நீளமா இருக்கு."

அவள் அவருடைய விழுந்த கையை எடுத்தாள். வெட்டின நகங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். சுண்டுவிரலில் ஓரமாகக் கொஞ்சம் பிசிறு இருந்தது.

"வெளியிலயும் அதே நீளம்தான்" என்றாள்.